குழாயில் சிவப்புத் தண்ணீர் வந்த காலை

எங்கள் தண்ணீர் ஆபீசில் இப்போது புகார் வாங்குவது ஒரு இயந்திரக் குரல். அவசரம் என்றால் ஒன்றை அழுத்து, சாதாரணப் புகார் என்றால் இரண்டை அழுத்து என்கிறது. வைத்த நாளிலிருந்து இரண்டை அழுத்தியவர் யாருமே இல்லையாம். ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்துக்கு வந்த உதவிப் பொறியாளர் ஒருவர், இளம் வயது, இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "உங்க காலத்துல எப்படி சார் தரம் பிரிச்சீங்க?" என்று கேட்டார். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தென்காசியில் பிட்டராகச் சேர்ந்தேன். குழாய்க்கு மரை வெட்டுவது, சணல் சுற்றி வெள்ளை ஈயம் பூசி இறுக்குவது, வார்ப்புக் குழாய் மூட்டில் ஈயத்தை உருக்கி ஊற்றுவது, இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன. எதற்கு ஓடுவது, எதற்கு நடப்பது என்பதுதான் வரவில்லை. எனக்கு எல்லாமே ஓட்டம்தான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட பிறகுதான் எந்தத் தெரு என்று கேட்பேன்.

ஓவர்சியர் செல்லையா ஓட மாட்டார். ஒல்லியான மனிதர். முழங்கை வரை மடித்த கதர்ச் சட்டை, செருப்பில்லாத கால். பள்ளம் தோண்டிய இடத்தில் செருப்பு வழுக்கும் என்பார். யார் மூச்சிரைக்க ஓடி வந்தாலும் முதலில் பெஞ்சைக் காட்டுவார்.

"அண்ணாச்சி, வீட்டுக்குள்ள ஆறா ஓடுது!"

"ஆத்துக்கு வேற ஆபீஸ் இருக்கு, அங்கன போரும். இங்கன குடத்துல சொல்லும். ஒரு குடம் ரொம்ப எவ்வளவு நேரம் ஆவுது?"

"அது... ஒலை கொதிக்கிற நேரம் ஆவும்."

"அந்தத் தண்ணி எங்கன போவுது?"

"சாக்கடைக்குத்தான்."

"அப்ப சாயங்காலம் வாரோம். வீட்டுல பொம்பளையாளுக்கிட்டச் சொல்லி அடியில வாளி வையும்."

அளவைவிடப் போகுமிடம்தான் அவருக்கு முக்கியம். சாக்கடைக்குப் போனால் சாயங்காலம், மண்சுவர் அடிக்குப் போனால் இப்போதே. வீட்டிலேயே அடைக்கிற திருகு இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் அடைத்துவிட்டு மெதுவாக வரச் சொல்வார். பாதிப் பேர் அடைத்த பிறகு வருவதே இல்லை. அடைத்ததும் அவர்களுக்கே அவசரம் தீர்ந்துவிடும்.

சீசன் மாதங்களில் என்னைக் குற்றாலத்துக்கு இரவல் கொடுப்பார்கள். பங்களாக்களெல்லாம் வெளியூர்க்காரர்களால் நிரம்பியிருக்கும். ஒருமுறை ஐந்தருவி போகும் வழியிலுள்ள ஒரு பங்களாவிலிருந்து கார் அனுப்பியே கூட்டிப் போனார்கள். குளியலறைக் கூரையில் சொட்டுகிறதாம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் சொட்டாத கூரை எது? அந்த வீட்டு அம்மாள் ஒவ்வொரு சொட்டையும் விரலால் காட்டிக்கொண்டு வந்தார். நான் பார்த்ததோ பின்புறச் சுவரை ஒட்டி நின்ற வெந்நீர்ச் செம்பை. விறகு எரித்துச் சுட வைக்கிற பெரிய பாய்லர் அது. காவல்காரர் அதற்கு முன்னால் குந்தியிருந்தார்.

"வெந்நி வருதா?" என்று கேட்டேன்.

"காலையில இருந்து ஒரு சொட்டு வரல்ல தம்பி. அதான் கூட ரெண்டு வெறகு வச்சிருக்கேன்."

"மேல ஆவி போற குழாய் இருக்குமே?"

"அதுவா? குரங்கு பூராம் அதுல கைய விட்டு ஆட்டிக்கிட்டே கெடந்துது. கட்டைய வச்சு அடிச்சு எறக்கிட்டேன். இனிமே ஒரு பய கைவைக்க முடியாது."

ஆவி போக வழியில்லாமல் செம்புத் தகட்டின் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. அடுப்பிலிருந்த விறகை இழுத்துப் போட்டு மண்ணள்ளிப் போட்டேன். எல்லாரையும் முன்கட்டுக்கு அனுப்பிவிட்டு, அது ஆறும்வரை தோட்டத்தில் நின்றேன். ஆறிய பிறகுதான் கட்டையை எடுத்தேன். அந்த அம்மாள் முன்கட்டிலிருந்து, "கூரைய எப்ப பாப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சாரல் நின்னா அதுவே நின்னுரும்மா" என்றேன். கோபித்துக்கொண்டார். திரும்பக் கார் தரவில்லை.

ஓவர்சியரிடம் இதைச் சற்று அலங்காரத்தோடு சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "மொதல்ல வெறக எடுத்தியா, கட்டைய எடுத்தியா?"

"வெறக."

"சரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அறுபதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதம் நடந்தது.

தென்காசியில் நெசவாளர்கள் இருந்த தெரு ஒன்று மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். காலையில் மட்டும் தண்ணீர் விடுவோம், பிறகு தெருமுனை வால்வை அடைத்துவிடுவோம். வேகம் போதாமல் தண்ணீர் மேலேறாது. அதனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் குழி தோண்டி, குழாயைக் குழிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். குழியில் படி வைத்து இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். ஒரு வீடு ஒரு முழம் தோண்டினால் அடுத்த வீடு ஒன்றரை முழம் தோண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தண்ணீர் கிடைக்காது. இப்படித் தெருவே வருஷா வருஷம் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பழக்கமும் இருந்தது. ராத்திரி குழாயைத் திறந்தே விட்டுவிடுவார்கள். விடியலில் தண்ணீர் வந்தால் குழிக்குள் விழும் சத்தம் எழுப்பிவிடும். ஊரில் எல்லாரும் செய்ததுதான். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அந்தக் காலையில் நகராட்சி மெம்பர் வீட்டு ஆள் ஓடி வந்தார். சங்கரலிங்கம் என்ற அந்த மெம்பர் தெருவின் பள்ளத்துக் கோடியில் குடியிருந்தார். வயல், வண்டி, ஊர்ப் பெரியவர்களோடு பழக்கம் எல்லாம் உள்ளவர்.

"ஓவர்சியரய்யா, கொழாயில ரத்தம் வருது!"

செல்லையா பெஞ்சைக் காட்டவில்லை. "எத்தன கொடம்?" என்றார்.

"மொத மூணு கொடம். பொறவு வெளுத்துட்டு."

நான் சைக்கிளை எடுத்துவிட்டேன். அவர் நடந்துதான் வந்தார். மெம்பர் வாசலில் ஒரு பித்தளைக் குடத்தோடு நின்றார். உள்ளே அரக்குச் சிவப்பில் தண்ணீர். பெண்கள் ஒதுங்கி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் விரலை விட்டு எடுத்துத் தன் வேட்டி ஓரத்தில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"சாயம்" என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மெம்பர் சிரிக்கவில்லை. "காதர் மைதீன் வீட்டு வேலைதான் இது. அந்த வீட்டுலதான் நேத்துச் சாயம் முக்குனாவ. கனெக்ஷன வெட்டிவிடும் வே."

இயந்திரக் குரல் அன்று இருந்திருந்தால், ரத்தம் என்று ஒன்றை அழுத்தியவர்கள் சாயம் என்று தெரிந்ததும் போனை வைத்திருப்பார்கள். தண்ணீர்தான் வெளுத்துவிட்டதே. தெருவில் எல்லாரும் மறுபடி குடம் நிறைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் அது முடிந்துபோன காரியமாகத்தான் பட்டது. ஓவர்சியர் மட்டும் போகாமல் மெம்பர் வீட்டுக் குழிக்குள் இறங்கினார். தெருவிலேயே ஆழமான குழி அதுதான். நான் இறங்கி நின்றால் என் தலை வெளியே தெரியாது.

"தண்ணிய நாங்க அடைச்ச பொறவும் இங்கன வருமோ?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

மெம்பர் வீட்டு ஆள் பெருமையாகச் சொன்னார்: "எங்க கொழாயில கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். அரை மணி நேரம் கூடப் பிடிப்போம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வால்வை அடைத்த பிறகு குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பள்ளத்து வீடு இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப மேட்டு வீட்டுக் குழாய்கள் காற்றை உறிஞ்ச வேண்டும். திறந்து கிடக்கும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் காற்றுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரை உறிஞ்சும்; மறுநாள் காலை முதலில் வருவதும் அதுதான். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கிற அதே காரியம்.

மேட்டில் காதர் மைதீன் வீட்டுக்குப் போனோம். நாங்கள் போன நேரம் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை வீட்டார் கடையநல்லூரிலிருந்து வருகிறார்கள். முற்றத்துக் குழியில் மழைத் தண்ணீர் முட்டி நின்றது, வெளிறிய சிவப்பில். குழாயின் வாய் அதற்குள் முங்கிக் கிடந்தது. குழிக்கு இரண்டு எட்டு தள்ளிச் சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் சந்து. ஆள் வந்து அள்ளிப்போகும் தெருவின் எடுப்புக் கக்கூஸ்களெல்லாம் அந்தச் சந்தில்தான் இருந்தன. மழையில் சாக்கடை நிறைந்து குழிக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்ன தறியில கடைசிப் பாவு நூல முடிச்சிருவோம்னு நேத்துச் சாயம் முக்கி அலசுனோம் ஓவர்சியரே" என்றார் காதர் மைதீன். தறியில் உட்கார்ந்தே வளைந்த முதுகு அவருக்கு. "குழி ரொம்பும்னு நெனைக்கல்ல. மெம்பர் வீட்டுக்கு எதுவும் நட்டமாயிட்டா?"

"சாயத்தால ஒண்ணும் இல்ல" என்றார் ஓவர்சியர். சந்துப் பக்கம் கையைக் காட்டினார். "சாயம் வந்த வழியில மத்தது வரலன்னு யாரு சொல்லுவா? அதுக்குக் கலர் கெடையாது."

முற்றத்து ஓரத்தில் இரண்டு பெரிய அண்டாக்கள், விளிம்பு வரை நிறைந்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி இருந்தன. நாளைக்கு நெய்ச்சோற்றுக்கான தண்ணீர். காலையில் குழியை இறைத்துவிட்டு, நிறம் போன பிறகு பிடித்தது. அந்தத் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பும் வேகாது, சோறும் பழுப்படிக்கும். பாத்திரம் கழுவத்தான் லாயக்கு. குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் விருந்து இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பிய வீடு என்று அந்தப் பெண் காலம் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஆயிஷாவின் வளையல் சத்தம் கேட்டது.

குடை பிடித்தபடி மெம்பரும் வந்து சேர்ந்தார். "என்ன யோசன? வெட்டச் சொன்னேன்லா? இந்த வீட்ட மட்டும் வெட்டும்."

இந்த வீட்டை மட்டும் வெட்டினால் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். தெருவில் அத்தனை குழியும் ராத்திரி மழைக்கு நிறைகிறது, காலையில் இறைத்துவிட்டுத்தான் பிடிக்கிறார்கள். சாயம் முக்கியது இந்த வீடு, அதனால் மாட்டிக்கொண்டது. ஆனால் விதி வேறு. ஒரு இணைப்பை அடைக்க முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அவசரம் என்று ஓவர்சியர் முடிவு செய்தால் மட்டும் உடனே அடைக்கலாம். அப்புறம் ஏன் என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகாத தெருவை, யாருக்கும் இதுவரை காய்ச்சல்கூட வராத தெருவை, அவசரம் என்று எப்படிக் காட்டுவது?

காதர் மைதீன் சொன்னார்: "ஒரு நாள் பொறுங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து வெட்டுங்க. மம்பட்டிய நானே எடுத்துத் தாரேன்."

பிறகு அண்டாவைப் பார்த்தார், ஓவர்சியரைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணிய நீங்க குடிப்பியளா?"

"குடிக்க மாட்டேன்."

காதர் மைதீன் துணியை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அண்டாவின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். பந்தல்காரர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். இரண்டாவதைச் சாய்க்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, எல்லாக் குழிக் குழாய்க்கும் பிளக் போட்டு அடைச்சிருவோம். குழி குடிக்கிற தண்ணி பூராம் மிச்சமாவும். இந்த வீட்டுக் கொழாய மட்டும் இடுப்பு உயரத்துக்கு ஏத்துவோம். தெருவுக்கே ஒரு கொழாய். தண்ணி ஏறும்."

"ஏறலன்னா?"

"ஏறும். இது மேடுதான். ஆனா எல்லாக் குழியும் அடைச்சா..."

"கணேசா, நாளைக்கு இவரு மகளுக்குக் கல்யாணம். ஏறும்னு நீ சொன்னா போதாது." தெருவைப் பள்ளம் வரை பார்த்தார். "வேற வழியும் இல்ல. பிளக் எடு."

பகல் முழுவதும் அந்த வேலைதான். சாரலில் நனைந்தபடி வீடு வீடாகக் குழிக்குள் இறங்கிக் குழாயைக் கழற்றிப் பிளக்கைத் திருகினோம். திட்டு வாங்காத வீடு இல்லை. "கல்யாணம் அவுக வீட்டுல, தண்ணித் தவிப்பு எங்க வீட்டுக்கா?" என்றது ஒரு வீடு. "ஏலே, நாளைக்கு நீயா வந்து எனக்குத் தண்ணி எடுத்துத் தருவ?" என்றாள் ஒரு ஆச்சி. மெம்பர் வீட்டிலும் போட்டோம். அவர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாகக் காதர் மைதீன் வீட்டுக் குழாயில் ஒரு துண்டு சேர்த்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். தெருக்குழாயில் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, ஊறவைத்துக் கழுவித் தள்ளினோம்.

விடியலில் வால்வைத் திறந்தார்கள். சமையல்காரர்கள் அடுப்பு மூட்டி அரிசியை அளந்து வைத்திருந்தார்கள். குழாய் சீழ்க்கை அடித்தது. காற்று வந்தது. ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது. அவ்வளவுதான். காதர் மைதீன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பாததற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஓவர்சியர் ஒரு இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். தெருவின் மெயின் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கம்பியின் ஒரு முனையை மண்ணுக்குள் இறக்கிக் குழாயில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். அடைத்த குழாயில் சத்தம் வராது, ஓடும் குழாய் கம்பி வழியாகப் பேசும். ஒவ்வொரு வீடாகக் கேட்டு நிமிர்ந்தார், கேட்டு நிமிர்ந்தார். பள்ளத்துக் கோடியில் கேட்டவர் நிமிரவில்லை. "இங்கன போவுது" என்றார்.

மெம்பர் வீட்டுக் குழியில் பிளக் இல்லை. ஆள் குனிந்து குடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"நாலு கொடம் பிடிச்சிட்டு அடைச்சிருவோம் வே" என்றார் மெம்பர். "எங்க வீட்டுலயும் ஆளுக இருக்கு."

"இப்ப அடைக்கணும்."

"அடைக்கணும்னா நோட்டீஸ் குடும். எங்க நோட்டீஸ்?"

"நோட்டீஸ் இல்ல. இது அவசரம். கணேசா, தோண்டு."

"வே, யோசிச்சுப் பேசும். இந்த வேலையில இருக்கணுமா வேண்டாமா?"

"அத நீங்க நாளைக்குப் பாத்துக்கிடுங்க. தோண்டுலே."

அவர் என்னை 'லே' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். மெம்பர் வாசலுக்கு நேரே, தெருவில் தோண்டி, மெயினில் பிரியும் இடத்திலேயே இணைப்பை அடைத்தேன். ஓவர்சியர் பள்ளத்தின் விளிம்பில் வெறுங்காலோடு நின்று பார்த்தார். இதற்காகப் பின்னால் விளக்கம் கேட்டார்கள். மழை முடிவதற்குள் அவருக்குச் சிவகிரிக்கு மாற்றல் வந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. செய்தேன், அவசரம் என்று நினைத்தேன் என்று சொன்னாராம்.

கடைசி மரையை இறுக்கும்போதே மேட்டிலிருந்து அண்டாவில் தண்ணீர் விழும் சத்தமும் பெண்கள் கூவும் சத்தமும் கேட்டன.

நெய்ச்சோறு வெந்தது. சோற்றில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று கடையநல்லூர்க்காரர் ஒருவர் முணுமுணுத்தார். இரண்டாம் முறையும் வாங்கித்தான் சாப்பிட்டார். வால்வை அன்று மத்தியானம் வரை அடைக்கவில்லை. தெரு முழுக்கக் குடங்களோடு காதர் மைதீன் வீட்டு முற்றத்தில் வரிசை கட்டியது. மூட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க நான் அங்கே நின்றிருந்தேன்.

வரிசையின் கடைசியில் மெம்பரின் மனைவி வந்து நின்றார். அந்த அம்மாள் தெருவில் குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஆயிஷா அவரைப் பார்த்தாள். குழாயடியில் அவளுடைய அண்டா பாதிதான் நிறைந்திருந்தது. அதை இடுப்பால் தள்ளி நகர்த்திவிட்டு, மருதாணி போட்ட கையை நீட்டி அந்தக் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.

"வாங்கம்மா" என்றாள். "எம் மக கல்யாணத்தன்னைக்கு இந்த வாசல்ல இருந்து யாரும் வெறுங்கொடத்தோட போகப்படாது."